மால்கமின் தலை

"மார்கழி மாசத்துலயா கல்யாணம்? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, மௌலி?"

சுவாமிநாதய்யர் வாரப் பத்திரிகையைச் சந்திரமௌலியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். 'அடுத்த வாரம் மால்கம் - எலினோர் திருமணம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"மாமா, இது ஸ்காட்லாந்துல அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி நடக்கற கதை. அங்கே ஏது மார்கழி?"

"படிக்கறவா மயிலாப்பூர்ல இருக்கோமே!"

ஸ்காட்லாந்து வீரன் மால்கமும், அவனுடைய ஜன்ம விரோதியான ஆங்கிலேயப் பிரபுவின் மகள் எலினோரும் காதலிப்பதாகச் சந்திரமௌலி வாராவாரம் எழுதிவந்த தொடர்கதை அது. அதை முடிக்க அவன் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய சுவாதி நட்சத்திர ஜாதகம் அய்யரின் மகள் சூடாமணியின் ஜாதகத்தோடு பொருந்தியிருந்தது. அவள்தான், "முதல்ல கதை முடியட்டும், அப்புறம் பதில் சொல்றேன்" என்றுவிட்டாள்.

தை பிறக்கும்வரை மால்கமை எங்காவது நிறுத்திவைத்தாக வேண்டும். எலினோரின் தகப்பனார் அவனைப் பாதாளச் சிறையில் தள்ளினார்.

மயிலாப்பூர் கலங்கிவிட்டது. கடைத்தெரு முனையில் மீன்காரி கெங்கம்மா அவனை வழிமறித்தாள்.

"இன்னா நைனா, அந்தப் புள்ளைய இருட்டுல பூட்டி வச்சுக்கினு கீறியாமே? எம் பொண்ணு படிச்சுக் காட்டச் சொல்லோ, கையில கீற வஞ்சிரத்த அப்படியே கீழ விட்டுட்டேன்!"

சந்திரமௌலிக்கு மயிர்க்கூச்செறிந்தது. உறைபனியையும் அறியாதவன், கோட்டையையும் பார்க்காதவன்; மையைத் தொட்டு அவன் கட்டிய சிறை ஊரையே நடுங்க வைக்கிறதே!

அந்தப் பெருமிதத்தைச் சூடாமணியின் தங்கை ஜானு கெடுத்தாள்.

"அக்கா தினமும் விடியக்காத்தால கபாலி கோயில்ல போய் அர்ச்சனை பண்ணிண்டு வரா."

"யாருக்கு?"

"வேற யாருக்கு? உங்க மால்கமுக்குத்தான்!"

சந்திரமௌலியின் வயிறு எரிந்தது. அந்த வாரமே மால்கமின் கன்னத்தில் கோரமான தழும்பு ஒன்றைப் போட்டான்.

"தழும்புல இன்னும் லட்சணமா இருக்கானாம், தெருவே சொல்றது. அக்கா நெய் விளக்கும் ஏத்த ஆரம்பிச்சுட்டா" என்றாள் ஜானு.

அடுத்த வாரம் மால்கமை எதிரியின் காலில் விழவைத்தான்.

"ஆகா, என்ன தந்திரம்! பகைவனை ஏமாத்தறான் பாரு!" என்று அய்யர் தொடையில் தட்டி ரசித்தார். அக்கா வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பித்த செய்தியை ஜானு கொண்டுவந்தாள்.

சந்திரமௌலி பேனாவை எடுத்தான். கோடரி வந்தது. மால்கமின் தலை உருண்டது.

காலையில் அந்த அத்தியாயத்தைச் சுருட்டிக்கொண்டு அச்சாபீசுக்குப் புறப்பட்டவனைக் கால்கள் கோயிலுக்கு இழுத்தன. குளத்தின் மேல் பனி மிதந்தது. உள்ளே நாகஸ்வரம் பூபாளம் பாடியது. சந்நிதியில் கண்மூடி நின்றாள் சூடாமணி. விளக்கொளி பட்ட அந்த முகத்தை அவன் தூணோரம் நின்று பார்த்தான். ஐந்தாறு மாதமாக எலினோரை வர்ணித்தவன், இப்படி ஒரு வரி எழுதவில்லை. இப்பேர்ப்பட்ட பக்தி தன் கற்பனைப் பயலுக்கா?

அவள் பிரகாரம் சுற்றப் போனாள். சந்திரமௌலி புதிதாக வந்திருந்த குருக்களிடம் போய் நின்றான்.

"அந்தப் பொண்ணு அர்ச்சனை பண்றாளே, அந்த ஸ்காட்லாந்துக்காரனுக்கு நட்சத்திரம் என்னன்னு சொல்றா, குருக்களே?" என்றான் கசப்போடு.

குருக்கள் விழித்தார்.

"எந்த ஸ்காட்லாந்துக்காரன்? சுவாதி நட்சத்திரம், யாரோ சந்திரமௌலியாம், கதை எழுதறவனாம். முடிக்கற வரைக்கும் அவன் கவனம் கலையக்கூடாதுன்னு சம்மதத்தைச் சொல்லாம மனசுக்குள்ளேயே வச்சிண்டிருக்கு, அசட்டுப் பொண்ணு!"