மச்சான் கொடுத்த பென் டிரைவ்

ஒன்று அந்த பென் டிரைவ் இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கோபம் சும்மா வரவில்லை. பென் டிரைவ் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனியில் புதுச் சரக்கு வந்தால் அதில் தகவலை விளிம்பு வரை எழுதுவேன். அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் வைத்து வாட்டுவேன். பிறகு எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படிப்பேன். ஒரு எழுத்து பிசகினால் மொத்தமும் குப்பைக்கு. அப்பேர்ப்பட்டவன் வீட்டில், எங்கள் மகள் முதன்முதலாக நடந்த வீடியோவை என் மனைவி எதில் வைத்திருக்கிறாள்? அவள் தம்பி நடைபாதைக் கடையில் பொறுக்கி வந்த பென் டிரைவில். எடுத்த போனும் எப்போதோ செத்துவிட்டது. வேறு பிரதி கிடையாது.

"இது அசல் டூப்ளிகேட். மேலே அறுபத்துநாலு ஜிபின்னு போட்டிருப்பான், உள்ளே நாலு கூட இருக்காது. குடு, டெஸ்ட் பண்ணி உன் தம்பி மூஞ்சியிலயே வீசறேன்."

"அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு. ஏன் நோண்டறீங்க?"

"இருபது வருஷமா இதுலதான் குப்பை கொட்டறேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னு யார் சொன்னா? நாளைக்குத் தரேன்."

மறுநாள் காலை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தாள். ஆபீஸ் போனதும் மாட்டினேன், பட்டனைத் தட்டினேன். சாயங்காலம் முடிவு வந்தது. முழு அறுபத்துநாலு. ஒரு பிழை கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. நடைபாதைக் கடைக்காரன் கூட மச்சான் பக்கம்.

அப்புறம்தான் உறைத்தது. விளிம்பு வரை எழுதினேனே, எழுதினால் பழையது அழிந்துவிடுமே, எதன் மேல் எழுதினேன்? கம்பெனிக்கு வருவதெல்லாம் காலிச் சரக்கு. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கமே எனக்குக் கிடையாது.

அந்த வீடியோவில் நாலு எட்டு வைத்துவிட்டு குழந்தை தொப்பென்று விழுவது என் மடியில்தான். என் மேலேயே ஆத்திரமாக வந்தது. வீடு வருவதற்குள் அதை மச்சான் பக்கம் திருப்பிவிட்டேன். பென் டிரைவை மேஜை மேல் போட்டேன்.

"டெஸ்ட் ஆச்சாங்க?"

"நான் சொன்னேனா இல்லையா? மாட்டினதுமே செத்துப்போச்சு. உன் தம்பியாலதான் வீடியோ போச்சு."

அவள் காய் நறுக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். சாப்பிடும்போது கேட்டாள்.

"மாட்டினதுமேவா?"

"ஒரு மணி நேரம் ஓடிச்சு. அப்புறம் போச்சு."

தட்டு கழுவும்போது மறுபடி.

"ஒரு மணி நேரம் நல்லா இருந்துதுன்னா, வீடியோ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதாவாவது. முழுசா பார்த்தேன். பாப்பா நடந்து வந்து என் மடியில விழுந்தா. உன் தம்பி நல்லா இருப்பானா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது காலி பென் டிரைவ்ங்க. உங்களைத் தெரியாதா எனக்கு? ராத்திரியே வீடியோவை வேற ஒண்ணுல ஏத்திட்டு, இதைச் சுத்தமா துடைச்சுட்டுத்தான் குடுத்தேன்."

எனக்குப் போன உயிர் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"கட்டின புருஷன் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"ஒரே விஷயத்தை மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் வேற வேற மாதிரி வருது. இப்படி வந்தா உங்க கம்பெனியில என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போடுவோம்" என்றேன். வாய் பழகிவிட்டது, சனியன்.

குப்பைக்கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வெளிய வெச்சுட்டு, அப்படியே தம்பிக்கு போன் போட்டு பென் டிரைவ் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வாங்க."

"சரி, வீடியோ இப்ப எதுல இருக்கு?"

"அவன் ரெண்டு வாங்கிக் குடுத்தானே."

மச்சானின் பென் டிரைவ்கள் இரண்டும் வீட்டுக்குள் இருந்தன. நான் குப்பைக்கூடையோடு தெருவில் நின்றேன்.