‘இருக்கட்டும்’ மாமா வீட்டுக் குளவி

உலகத்திலேயே சொந்த வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்த ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு ‘இருக்கட்டும்’ மாமாதான். பத்திரம் அவர் பேரில், பட்டா அவர் பேரில், வீட்டு வரி ரசீதும் அவர் பேரில். வீட்டை ஆண்டு அனுபவித்தது என்னவோ அணில், ஓணான், தவிட்டுக்குருவி, தேரை, கீரிப்பிள்ளை வகையறாக்கள். மாமாவும் அத்தையும் அவர்களுக்கு இடைஞ்சல் வராமல் ஓரமாகக் குடியிருந்தார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் நாங்கள் சில வருஷம் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஜங்ஷனில் வேலை. எங்களுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரு இடுப்பளவு மதில். அதன் மேல் சாய்ந்துகொண்டு நான் பார்த்த வேடிக்கைக்கு டிக்கெட் போட்டிருந்தால் மாமா பணக்காரராகியிருப்பார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பூசை வைக்கிற சாமியாரே அதை மறந்திருப்பார். எதைச் சொன்னாலும் மனிதர் வாயில் வருவது ஒரே வார்த்தை.

“மாமா, உங்க வேட்டியில ஓணான் ஏறுது!”

“இருக்கட்டும்மா. அதுவே எறங்கிடும்.”

“மாமா, மீட்டர் பொட்டிக்குள்ள அணிலு தேங்கா நாரு கொண்டுபோய் அடைக்குது!”

“இருக்கட்டும். அதுக்கும் ஒரு வூடு வேணுமில்ல?”

மீட்டர் பெட்டி புகைந்து தெருவே இருட்டான அன்றைக்கும் அதையேதான் சொன்னார். ஆரோக்கியம் அத்தை மட்டும் வாசலில் நின்று, “இந்த மனுசன எனக்குக் கட்டி வச்ச எங்கப்பன் இருக்கானே!” என்று ஆரம்பித்து, பரலோகத்தில் இருக்கிற தன் அப்பாவை ஒரு பாட்டம் விசாரித்துவிட்டு உள்ளே போனார்.

எஸ்டேட்டில் ஒரு பொம்மைப் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவதுதான் மாமாவுக்கு வேலை. சூளையிலிருந்து ஒச்சமாக வரும் பொம்மைகளைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனசு வராது. பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒற்றைக் காது முயல், மூக்கு இல்லாத கிளி, மாறுகண் யானை, எந்தப் பிராணி என்று பிராணிக்கே தெரியாத ஒன்று என்று ஒரு கூட்டமே தோட்டத்தில் நின்றது. கத்தரிப் பாத்திக்கு வரப்பு மண்ணில் கிடையாது. கழித்துப் போட்ட பீங்கான் பியூஸ் கட்டைகளை வரிசையாக நட்டு வைத்திருந்தார். மழை பெய்தால் அத்தனையும் பளபளவென்று வெள்ளை வெளேரென்று இருக்கும். அத்தைக்கு அதைப் பார்த்தாலே தலைவலி.

ஒரு தடவை ஈ.பி.யிலிருந்து ரீடிங் எடுக்க வந்தவர், பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கொய்யா மரத்தடியில் வந்ததும் நின்று குனிந்தார்.

“பெரியவரே, மத்ததெல்லாம் சுமாரு. இது மட்டும் நல்லா வந்திருக்குதுங்க. உசுரோட்டமா இருக்குது.”

அந்தப் பாராட்டைக் கேட்டு உடும்பு நாக்கை நீட்டியது. மனிதர் மதிலைத் தாண்டி எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லில் வந்து விழுந்தார். வெளியூர்க்காரராக இருந்தால் கிட்டவே போயிருக்க மாட்டார். உள்ளூர்க்காரர் என்பதால் வந்த வினை. எங்கள் ஊரில் அசையாமல் நிற்கிற எதையும் பீங்கான் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மாமா, “பயந்துட்டீங்களா? அது ஒண்ணும் பண்ணாதுங்க, இருக்கட்டும்” என்றார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் திடீரென்று வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னபோது தெருவே நம்பவில்லை. “பாம்பு புத்துக்கு மாடி எடுக்கறாரா?” என்று கேட்டார் எதிர்வீட்டு சரோஜாக்கா. காரணம் எனக்குத் தெரியும். அத்தை மதிலோரம் வந்து மெதுவாகச் சொல்லியிருந்தார்.

“ஸ்டெல்லா வர மாட்டேங்குதும்மா. கிறிஸ்மஸுக்கும் வரல, மாதா கோயில் சப்பரத்துக்கும் வரல. வூடு வசதியில்ல, பாத்ரூமு சரியில்லன்னு சொல்லுது. அதான் இவரு கிளம்பிட்டாரு.”

ஸ்டெல்லா அவர்களுக்கு ஒரே மகள். திருச்சியில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. அவள் வராததற்குக் காரணம் பாத்ரூம் இல்லை என்பது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுப் படி ஏறுவதற்குள் அவளை நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள்: “என்னாம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?” எங்கள் வீட்டிலும் நானும் அவரும் மட்டும்தான். அந்தக் கேள்வியை நானும் நிறையத் தின்றிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது சௌக்கியம் விசாரிக்கிற மாதிரி. நமக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மாமாவுக்கு இதெல்லாம் புரிந்ததா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மகள் வசதி கேட்டாள், வசதி செய்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வேலை ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றுதான் சொல்ல முடியும். ஓட்டைப் பிரித்தால் தவிட்டுக்குருவிக் கூடு, இருக்கட்டும். குழி தோண்டினால் தேரை, இருக்கட்டும். சமையல்கட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க ஓட்டை போட்டார்கள். மறுநாள் மாட்டலாம் என்று போய்விட்டு வந்து பார்த்தால் அதில் அணில் குடி வந்துவிட்டது. ஃபேன் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது.

“அணிலுக்கு வளகாப்பு முடிஞ்சி, புள்ள பெத்து, அது நடந்து போனப்புறம்தான் எனக்கு ஃபேனாம்மா!” என்று அத்தை புகைக்கு நடுவிலிருந்து கத்துவார். விளக்குமாற்றோடு அணிலை விரட்டப் போவார். மாமா குறுக்கே போய் நிற்பார். அணில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

எப்படியோ கூரை ஏறி, பூச்சு வேலை முடிந்து, பெயிண்ட் அடிக்கிற கட்டம் வந்தது. அப்போதுதான் குளவி வந்தது.

கூடத்தில், வாசல் நிலைக்கு நேர் மேலே, வந்தவர்கள் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இடம் பார்த்து அது கூடு கட்ட ஆரம்பித்தது. பொம்மைகளுக்கு ஒட்டுப்போட மாமா பின்பக்கம் குவித்து வைத்திருந்த வெள்ளைக் களிமண்ணைத்தான் அது வாயில் உருட்டி உருட்டி எடுத்துவந்தது. அதனால் ஊரில் எந்தக் குளவிக்கும் இல்லாத விதமாக, இதன் கூடு வெள்ளையாக இருந்தது. பீங்கான் ஊர்க் குளவி! மண்ணை அப்பும்போது ‘ங்ங்ங்’ என்று ஒரு சத்தம் போடும். கீழே நின்று பூச்சில் விட்டுப்போன இடங்களைச் சரிசெய்துகொண்டிருந்த மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

“ஒரே வூட்டுல ரெண்டு மேஸ்திரி வேல செய்ய முடியாதுங்க. அத வரச் சொல்லுங்க, இல்ல என்ன வரச் சொல்லுங்க.”

“நீ நாளக்கி வா. அது பாதியில இருக்குது” என்றார் மாமா.

பெயிண்டர் வந்தபோது மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைக்குக் கீழே காவல் நின்றார். அத்தை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பிஸ்தா பச்சையைச் சுவர் முழுக்க அடித்து, கூட்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் விட்டுவிட்டுப் போனான் பெயிண்டர். அணிலுக்கு விளக்குமாறு எடுக்கிற அத்தை இந்த முறை வாயே திறக்கவில்லை. தினம் ஒரு தடவை நிலைக்கு மேலே பார்த்து நெஞ்சில் சிலுவை வேறு போட்டுக்கொண்டார்.

ஏனென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும். எங்கள் பக்கத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பாதவர்கள்கூட இதை நம்புவார்கள். சரோஜாக்கா வந்து பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னார். உருண்டையாகக் கட்டினால் பெண், நீளமாகக் கட்டினால் ஆண் என்று ஒரு கணக்கு உண்டு. இது உருண்டை உருண்டையாக நீளத்துக்குக் கட்டியிருந்தது. தெரு இரண்டாகப் பிரிந்து, பிறகு, “அப்ப ரெட்டதான்!” என்று ஒரு முடிவுக்கு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் அப்படித்தான், அத்தை பாவம் தாய் மனசு, போகட்டும். ஆனால் இந்த மனிதருமா? மகள் வர வேண்டுமென்று வீட்டை இடித்துக் கட்டிவிட்டு, அவள் எதற்குப் பயந்து வராமல் இருக்கிறாளோ அதையே வாசலுக்கு மேலே ஒட்டி வைத்துக் காவல் காப்பாரா? நாலு நாள் நான் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மதில் மேல் கத்தரிக்காய் வைத்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

சாமியார் வந்து புது வீட்டை மந்திரிக்கிற நாள் வந்தது. ஸ்டெல்லா வந்தாள். காலையில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. புருஷனோடு தலை குனிந்தபடி விறுவிறுவென்று தெருவைக் கடந்து உள்ளே போனதைப் பார்த்தேன். அந்த நடை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் கல்யாண வீடுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

சாமியார் ஜெபம் சொல்லி, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். மாறுகண் யானைக்கும் ஒரு சொட்டு விழுந்தது. எல்லாரும் கூடத்தில் நின்று கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரோஜாக்கா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து நிலைக்குக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார்.

“மேல பாருடி ஸ்டெல்லா! யாரு வந்து கட்டியிருக்காங்க பாரு! ஒங்கப்பா பெயிண்டு அடிக்கக்கூட வுடல. ஒனக்காவத்தான் ராத்திரி பகலா காவ காத்துகிட்டு கெடக்குறாரு. இந்த வருசம் பாரேன், கண்டிப்பா நல்ல சேதிதான்!”

ஸ்டெல்லா நிமிர்ந்து கூட்டைப் பார்த்தாள். அதைச் சுற்றிப் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா... நீங்களுமா?”

அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. புருஷன் அவள் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். வந்த காலோடு திரும்பிவிடுவாள், இனிமேல் இந்தப் படி ஏற மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கூட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சரோஜாக்காவைப் பார்த்தார். விஷயம் மெதுவாக மண்டையில் ஏறியது. ஏறியதும் அந்த மனிதருக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“குளவி கூடு கட்டுனா புள்ள பொறக்கும்தான். யாரு இல்லன்னது? அதோட புள்ள பொறக்கும்! நம்மளுக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்? பாவம், அது வாயால மண்ண சொமந்து, தன் புள்ளைக்குன்னு கட்டி, தீனியும் வச்சி மூடிட்டுப் போயிருக்குது. அதுல போயி பங்கு கேக்கறதா? அதுக்குத்தாம்மா காவ காத்தேன். வேற எதுக்கும் இல்ல.”

சாமியார் பழக்கதோஷத்தில் “ஆமென்” என்றுவிட்டார்.

மாமா மகள் பக்கத்தில் போனார். குரல் இறங்கிவிட்டது. “நீ வரணும்னு வூட்ட இடிச்சேன். நீ வந்துட்ட. எனக்கு அவ்ளோதாம்மா கண்ணு வேணும். நீ வந்தா போதும், கூட யாரையும் கூட்டிகிட்டு வரணும்னு இல்ல.”

சரோஜாக்கா வாயில் வைத்த கேசரியை மென்றாரா, விழுங்கினாரா என்று தெரியவில்லை. ஸ்டெல்லா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், பொம்மைக்குக் கண் எழுதுகிற அந்தக் கையால் அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அத்தை வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். அப்புறம் அவரும் அழுதார்.

சாயங்கால ரயில் போய்விட்டது. மறுநாள் ரயிலும் போனது. ஸ்டெல்லா அந்த வாரம் முழுக்க அங்கேதான் இருந்தாள். யார் வந்து என்ன கேட்டாலும், “குளவியப் போயி கேளுங்கக்கா” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள்.

பிற்பாடு எங்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. இங்கே வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஓணான்கூட எட்டிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு மாமா பேசியது அவர் மகளிடம்தான். கேசரித் தட்டோடு சுவரோரம் நின்றிருந்த நான், கேட்காமலேயே அதில் பாதியை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.