அரிசி வண்டிக்குப் பின்னால் வந்த மன்னர்

வெண்குன்ற நாட்டுக்குக் கடலும் இருந்தது, மலையும் இருந்தது. கடலோரத்தில் தலைநகரமான உப்பங்கரை. மலையின் மேலே மேல்குன்றம். இரண்டையும் ஒரு நெடுஞ்சாலை இணைத்தது. அதை ஒட்டியே ஓர் ஒற்றைத் தண்டவாளமும் ஓடியது.

நாட்டை மன்னர் இன்பவர்மர் ஆண்டார். அந்த நாட்டில் மன்னரையும் மக்கள்தான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். மக்கள் தன்னைப் பார்த்துக் கையசைத்தால் அன்று முழுக்க உற்சாகமாக இருப்பார், இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவார். அந்தக் கையசைப்பைக் காண்பதற்கென்றே அவருக்கு ஒரு தனி ரயில் இருந்தது. மஞ்சள் வண்ணம், பெரிய ஜன்னல்கள்.

மன்னர் எப்போது புறப்படுவார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய ரயில் ஓடும்போதெல்லாம் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று வழித்துறை அமைச்சர் ஏகாம்பரநாதர் சட்டம் போட்டார். சரக்கு ரயில் ஒரு நிலையத்தில் ஒதுங்கினால் மறுபடி கிளம்புவது என்றைக்கு என்று அதன் ஓட்டுநருக்கே தெரியாது. ஒருமுறை துறைமுகத்திலிருந்து ஏற்றிய வெங்காயம் மேல்குன்றம் போய்ச் சேர்ந்தபோது முளைவிட்டு நின்றது. வணிகர்கள் வெறுத்துப்போய் எல்லாச் சரக்கையும் லாரிகளுக்கு மாற்றினார்கள். சரக்கு ரயில் வெறும் பெட்டிகளோடு மேலும் கீழும் போய்வந்தது. ஓடாமல் இருந்தால் அதை நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு வருமாம்.

நெடுஞ்சாலை லாரிகளால் நிரம்பியது. வழியில் கொக்காற்றின் மேல் ஒரு குறுகிய பாலம். அங்கே வந்ததும் லாரிகள் நின்றன. நின்றவற்றின் பின்னால் இன்னும் வந்து நின்றன.

அமைச்சர் சாலையை அகலப்படுத்தினார். பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாலை மைதானம் போல விரிந்தது. பாலத்தைத் தொடவில்லை. அது வேறொரு துறைக்கு, ஆற்றுத்துறைக்குச் சொந்தம். முன்பு இரண்டு வரிசையாக வந்து நின்ற லாரிகள் இப்போது எட்டு வரிசையாக வந்து, இரண்டு வரிசைப் பாலத்தில் நுழையப் பார்த்தன.

அடுத்து, லாரிகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடலாம் என்று ஆணை வந்தது. ஓடக் கூடாத நாளில் என்ன செய்வது என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். இருக்கும் இடத்திலேயே நிற்கலாம் என்று அமைச்சர் பெருந்தன்மையோடு அனுமதித்தார். ஆகவே பாதி லாரிகள் சட்டப்படி நின்றன. மீதி லாரிகள் அவற்றின் பின்னால் வேறு வழியில்லாமல் நின்றன.

இத்தனைக்கும் நடுவில் மன்னர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். சரக்குக்கென்றே இரண்டாவது தண்டவாளம் போடுவதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்தவர், அதற்கான இரும்பைக் கப்பலில் வரவழைத்தும் விட்டார். அந்தத் தண்டவாளத் துண்டுகள் நீண்ட லாரிகளில் ஏற்றப்பட்டு உப்பங்கரையிலிருந்து புறப்பட்டன. அவையும் கொக்காற்றுப் பாலத்தருகே நின்றன.

அவற்றுக்குப் பின்னால் நின்றது மருதப்பனின் லாரி. அவன் மேல்குன்றத்துக்காரன். லாரியில் இருந்தது அரசுக் கிடங்கின் அரிசி, அவனுடைய ஊருக்கே போக வேண்டியது. அவன் மனைவி பவளக்கொடி மேல்குன்றம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைப்பவள். வரவேண்டிய அரிசி வராமல், அவள் சோற்றைக் கஞ்சியாக்கினாள். கஞ்சியை இன்னும் நீர்க்கக் காய்ச்சினாள். ஒருநாள் காலை வணக்கத்துக்கு நின்ற ஒரு சின்னப் பெண் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, பவளக்கொடி அடுப்பை அணைத்தாள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு மலையிறங்கி நடந்தாள்.

பாலத்தருகே அவள் வந்து சேர்ந்தபோது அங்கே ஓர் ஊரே உருவாகியிருந்தது. லாரிகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். ஒரு டீக்கடை, ஒரு முடிதிருத்தும் கடை, டயர்களை அடுக்கிச் செய்த ஒரு பிள்ளையார் கோயில். மருதப்பன் லாரியின் நிழலில் உட்கார்ந்து பக்கத்து லாரிக்காரரோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"பவளம், நீ எங்க இங்க? நடந்தா வந்த?"

"பின்ன எதுல வர? நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. பிள்ளைங்க பசியில விழுதுங்க. நீங்க இங்க தாயம் ஆடுறீங்க."

அவன் லாரியின் பின்னால் ஏறித் தார்ப்பாயை விலக்கிக் காட்டினான். மூட்டைகள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. "நாங்க பட்டினி கிடந்த அன்னிக்கும் இதத் தொடல" என்றான். பவளக்கொடி ஒரு மூட்டையின் மேல் கைவைத்து அழுத்திப் பார்த்தாள். அவளுடைய கோபம் கொஞ்சம் இறங்கியது.

"சரி. எப்பக் கிளம்பும்?"

"கிளம்பாது. இன்னிக்கு மதியம் ராசா வர்றாரு. இத ஊரா அறிவிக்கப் போறாராம். அதுக்கப்புறம் இது நெரிசலே இல்லயாம்."

அவன் சொன்னது உண்மைதான். நெரிசலைத் தீர்க்க அமைச்சர் கண்டுபிடித்த கடைசி வழி அது. "மன்னா, வாகனங்கள் நகராமல் நின்றால் அதற்குப் பெயர் நெரிசல். மக்கள் நகராமல் ஓரிடத்தில் வாழ்ந்தால் அதற்குப் பெயர் ஊர். இந்த இரண்டில் எது வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நமக்கு இருக்கிறது" என்று அவர் அவையில் விளக்கினார். ஊருக்கு இன்பபுரி என்று பெயரும் வைத்தார். மன்னர் "ஆகட்டும்" என்றார்.

மதியம் மஞ்சள் ரயில் பாலத்தருகே இருந்த சிறிய நிலையத்துக்கு வந்து நின்றது. அதற்கு வழிவிட்டு, பாலத்தை ஒட்டிய கிளைப் பாதையில் சரக்கு ரயில் முன்னதாகவே ஒதுங்கியிருந்தது. பெட்டிகள் எல்லாம் காலி. மன்னர் விழாப் பந்தல் மேடையில் ஏறினார். அமைச்சர் வரவேற்புரையைத் தொடங்கினார்.

பவளக்கொடி பந்தலைப் பார்க்கவில்லை. சரக்கு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேல்குன்றத்தை நோக்கி நின்றது. லாரிக்கும் அதற்கும் நடுவே ஒரு முள்வேலியும் கொஞ்சம் புல்லும்தான் இருந்தன.

"ஏங்க, அதுல ஏத்தினா என்ன?"

மருதப்பன் வேலியையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பக்கத்து லாரிக்காரர்களைக் கூப்பிட்டான். மலைக்கு அரிசி கொண்டுபோகும் லாரிகள் இன்னும் சில அந்த வரிசையில் இருந்தன. வேலியை ஓரிடத்தில் மிதித்துச் சாய்த்து, ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகளை இறக்கினார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி வந்து தோள் கொடுத்தார்கள். அமைச்சர் அப்போது ஊர் என்னும் கருத்தின் வரலாற்றைப் பழங்காலத்திலிருந்து விவரித்துக்கொண்டிருந்தார்.

ரயில் ஓட்டுநர் சவரிமுத்து என்ஜினிலிருந்து இறங்கி ஓடி வந்தார். நெடுநாள் வெறும் வண்டி ஓட்டிச் சலித்துப்போனவர்.

"ஏத்துறது ஏத்துங்கம்மா, வேணாங்கல. ஆனா வண்டிய எடுக்க முடியாது. ராசா வண்டி ஓடும்போது சரக்கு வண்டி நிக்கணும். சட்டம்."

"ராசா வண்டி இப்ப ஓடுதாண்ணே?" என்று கேட்டாள் பவளக்கொடி.

சவரிமுத்து மஞ்சள் ரயிலை எட்டிப் பார்த்தார். "இல்ல. நிக்குது."

"அப்ப நம்ம வண்டி ஓடலாம்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சட்டத்தை யாரும் அந்தப் பக்கத்திலிருந்து படித்ததில்லை. "என் வேலை போயிடும், தங்கச்சி" என்றார் மெதுவாக.

"போகலாம். நான் இல்லன்னு சொல்லல. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள விழுந்துடுச்சு. நாளைக்கு எது விழும்னு தெரியல. அதத்தான் நான் சொல்ல முடியும்."

சவரிமுத்து மூட்டைகளைப் பார்த்தார். வியர்வையோடு நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு என்ஜினில் ஏறினார். பவளக்கொடியும் மருதப்பனும் கடைசிப் பெட்டியில் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். கைதட்டல் சத்தத்தில் ரயில் கிளம்பிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

உரைகள் முடிந்து மன்னர் மஞ்சள் ரயிலில் ஏறினார். மேல்குன்றத்தில் இருந்த கோடை மாளிகைக்கு அவர் போக வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவருடைய ரயில் ஆமை போல ஊர்ந்தது. முன்னால் கனத்த பாரத்தோடு ஒரு சரக்கு ரயில் மலையேறிக்கொண்டிருந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் அதை முந்த முடியாது. அமைச்சர் முகம் சிவந்து, இது தேசத் துரோகம் என்றார். மன்னர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மெதுவாகப் போனதால் முதல்முறையாக அவருக்கு மனிதர்களின் முகங்கள் தெரிந்தன. பலரும் ஒட்டி உலர்ந்திருந்தார்கள்.

மேல்குன்றம் நிலையத்தில் ஊரே கூடியிருந்தது. அரிசி வருகிற செய்தி வழிநெடுகக் கூவிக் கூவி அவர்களுக்கு முன்பே மலையேறியிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சரக்கு ரயிலின் வால் பக்கத்தில் மஞ்சள் ரயில் வந்து நின்றது. மன்னர் கதவருகே வந்து நின்றார். அவர் ஆயுளில் அப்படியொரு ஆரவாரத்தைக் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய் இரு கைகளையும் அசைத்தார்.

கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கிய பவளக்கொடி அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"இத்தனை அன்பா என் மேல?" என்றார் மன்னர்.

பவளக்கொடிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க ராசா. எல்லாரும் அரிசிக்கு வந்திருக்காங்க."

மன்னரின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

"அப்ப எனக்காக யாரும் வரலியா?"

"நீங்க வர்றீங்கன்னே யாருக்கும் தெரியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. இதோ உலை வச்சுடறேன்."

அன்று மன்னர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவள் முன்பு மயங்கி விழுந்த அந்தச் சின்னப் பெண். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். மன்னர் தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார். கை கழுவியதும் அமைச்சரை அழைத்து, "இனிமே அந்த வண்டி முன்னால போகட்டும். நான் பின்னால வர்றேன்" என்றார். சவரிமுத்துவின் வேலை போகவில்லை.

அன்று முதல் சரக்கு ரயில் நேரத்துக்கு ஓடியது. வணிகர்கள் திரும்பி வந்தார்கள். நின்றிருந்த இரும்பும் ரயிலிலேயே மலைக்கு ஏறியது. லாரிகள் குறையக் குறையச் சாலை மூச்சுவிட்டது, இன்பபுரி கரைந்து போனது. ஊர் கலைந்ததற்காக வருத்தப்பட்டவர் அதன் முதல் கௌரவக் குடிமகனான அமைச்சர் மட்டுமே. மருதப்பன் இப்போது நிலையத்திலிருந்து கடைவீதிக்கு மட்டும் லாரி ஓட்டுகிறான். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். தன் சமையலை அவன் குறை சொல்வது அதிகமாகிவிட்டதாகப் பவளக்கொடி எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறாள்.

இரண்டாவது தண்டவாளம் தயாரானதும் அமைச்சர் மன்னரிடம் வந்து, "ஒன்று தாங்கள் போவதற்கு, மற்றொன்று தாங்கள் வருவதற்கு" என்று பணிவோடு யோசனை சொன்னார். மன்னர் வழக்கமான "ஆகட்டும்" சொல்லவில்லை. யோசித்தார். மேல்குன்றத்தில் கேட்ட அந்த ஆரவாரம் அவர் காதிலிருந்து இன்னும் போகவில்லை.

"எனக்குத் தனி வண்டியே வேணாம். சரக்கு வண்டியில கடைசிப் பெட்டியில ஒரு நாற்காலி போடுங்க."

அதன்பின் வந்த தேர்தலில் அவர் அரிசியோடு ஊர் ஊராகப் போனார். எங்கும் குலவை, எங்கும் ஆரவாரம். அவரே வென்றார். தோற்றவர்கள் காரணத்தைப் புரிந்துகொண்டார்கள். அடுத்த தேர்தலில் பருப்பு வண்டியில் ஒருவர் வந்தார், உப்பு வண்டியில் ஒருவர் வந்தார், மண்ணெண்ணெய் வண்டியில் வந்தவர் புகைபிடிக்க முடியாமல் சிரமப்பட்டார். வண்டி போதாமல் மூன்றாவது தண்டவாளமும் போட்டார்கள். தொலைநோக்குப் போக்குவரத்துக் கொள்கை என்று அரசிதழ் இதைக் குறிப்பிடுகிறது.

வெண்குன்ற நாட்டில் இன்று சாலை நெரிசல் இல்லை. சரக்கு ரயில்கள் நேரம் தவறாமல் ஓடுகின்றன. தேர்தல் இல்லாத ஆண்டுகளில் மட்டும் அவை கொஞ்சம் தாமதமாக வருகின்றன.