ஆடாமல் நின்ற கல்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்குத் தனி மரியாதை உண்டு. அதற்கு வரைபடம், அடிக்குறிப்பு எல்லாம் இருக்கும். நான் செய்ததற்கு வண்ணத்திலேயே எட்டு வரைபடங்கள் இருந்தன.

அப்போது நிலவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சில கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைத் தீவு வரிசை ஒன்றிலிருந்து சாம்பலும் மணலும் சரிந்து, ஆழ்கடலின் அடியில் படிந்து கல்லாகியிருந்தன. அந்தக் கல்லைப் படித்து எரிமலையின் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். அந்தமானிலிருந்து அப்படி ஒரு கல்லைச் சுமந்துகொண்டு, மண்ணூரில் என் புகுந்த வீட்டுக்கு வந்தேன். (மருமகள் கொண்டுவந்த சீர் அது ஒன்றுதான் என்று என் மாமியார் இன்றும் சொல்வார்.)

எது மேல் பக்கம் என்று அம்புக்குறி போட்டுத்தான் கல்லை எடுத்து வருவோம். அது தெரியாவிட்டால் கதையே மாறிவிடும். நான் போட்டிருந்தது சாக்பீஸில். என் கணவர் பிரபுவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. நான் நூலகம் போயிருந்த ஒரு நாள், பாசம் பொங்கி, கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, அட்டைப்பெட்டிகளில் ஒட்டுகிற 'இந்தப் பக்கம் மேலே' ஸ்டிக்கரை ஒட்டி மேசைமேல் வைத்திருந்தார். என் அம்புக்குறியைப் பார்த்துத்தான் ஒட்டியிருப்பார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்கவில்லை. கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, கேட்டால் என்ன நினைப்பாரோ!

தண்ணீரில் பருமணல் முதலில் இறங்கும், பொடி கடைசியில் படியும். அரிசி களைகிற யாருக்கும் தெரியும். என் கல்லில் பருமணல் மேலே இருந்தது. நான் ஸ்டிக்கரைச் சந்தேகப்படவில்லை, எரிமலையைச் சந்தேகப்பட்டேன். முதலில் முனகி, போகப் போகச் சீறிய எரிமலை என்று அறுபது பக்கம் எழுதினேன்.

ஆய்வுக் குழுவின் முன் பேசும் நாள் வந்தது. அந்த அத்தியாயம் தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு இழுக்கும். மாமியாரோ "எங்க வூட்டு மருமவ டாக்டராவப் போவுது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். பிரபு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் கல்லின் படம். குழுவில் மூத்த பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மேல் பக்கம் இதுதான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"எடுக்கும்போதே அம்புக்குறி போட்டுட்டேன் சார். அதே இடத்துலதான் ஸ்டிக்கர் இருக்கு, படத்துலயே தெரியுது பாருங்க."

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"சார், மன்னிச்சுக்கங்க. அந்த ஸ்டிக்கர் நான் ஒட்னது. கல்ல அப்டி வெச்சாதான் ஆடாம நின்னுச்சு."

அரங்கம் சிரித்து ஓயும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் படத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார். பருமணல் கீழே போனது, பொடி மேலே வந்தது. ஒரே சரிவில் இறங்கி ஒழுங்காகப் படிந்த மணல். எரிமலை யார்மீதும் சீறவே இல்லை. அறுபது பக்கமும் போயிற்று.

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார் பிரபு. "கோவமா கீறியா?"

"அத்தன பேர் முன்னால எழுந்து சொல்லணுமா? அப்புறம் என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"லேபிள் தப்புன்னு தெரிஞ்சும் சரக்க அனுப்ப முடியுமா? அங்க போய் திரும்பி வந்தா உனக்குத்தானே கஷ்டம்."

அந்த டீ ஆறுவதற்குள் என் கோபம் ஆறிவிட்டது. என் ஆராய்ச்சியில் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

ஓராண்டு கழித்து அத்தியாயம் தேறியது, நானும் டாக்டரானேன். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய என் பட்டத்தின் மூலையில் அதே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார் பிரபு. எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் என்னிடம் ஓடிவந்தால், மாமியார் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்:

"உங்கம்மாவ மட்டும் கேக்காத கண்ணு. எரிமலையவே தலகீழா நிக்க வெச்சது அது!"