பூட்டு வாசித்த நாள்

ஒரே புத்தகம் இரண்டாகக் கிழிந்து, ஆளுக்குப் பாதியோடு இரண்டு சிறுமிகள் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், வகுப்பா சந்தையா?"

"வாசிக்கிறாங்க சார்."

"இதுக்குப் பேரு வாசிப்பா?"

சத்தியமாக வாசிப்புதான். ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகளைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்து, அவர்களுக்கென்றே இந்த டீச்சரை எடுத்திருந்தார்கள். வந்த முதல் நாளே அவள் அறையைப் பார்த்து முகம் சுளித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கதவில் அழுக்கு மஞ்சள் தாளில் முத்திரை குத்திய ஓர் அறிவிப்பு. "இதைப் பார்த்தாலே படிப்பு ஓடிப்போயிடும்" என்று, அதன்மேல் பெரிய சூரியகாந்திப் படத்தைப் பசை தடவி அழுத்தி ஒட்டிவிட்டாள்.

பிறகு ஒரு கதையை வாசிக்க ஆரம்பித்தாள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடும் கட்டத்தில் சட்டென்று நிறுத்தி, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்ற ஆத்திரத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள். நாள்பட நாள்பட வாசிக்கவும் ஆரம்பித்தார்கள். கிழித்தது அதற்குப் பிறகுதான்.

கைகட்டி உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். புத்தகத்தைப் பார்த்தால் வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் பூட்டு.

"மாசக் கடைசியில அதிகாரி வர்றாங்க" என்றார் தலைமையாசிரியர். "ஒருத்தர் பாக்கியில்லாம வாசிக்கணும். உங்க வேலை அதுல இருக்கு, பார்த்துக்குங்க."

பார்த்த வேலை ஒன்றும் நிலைக்காத ராசி டீச்சருக்கு. தினமும் சாப்பாட்டுப் பையை நீட்டும்போதே மாமியார், "இதாவது நாலு நாள் நிக்குமா?" என்று கேட்டுத்தான் வழியனுப்புவாள்.

பூட்டுக்கு வாசிப்புதான் வரவில்லை, எழுத்தாவது வரட்டும் என்று, டீச்சர் சுவர் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டினாள். "மனசுல பட்டதை எழுதுங்க. தப்பானாலும் பரவாயில்ல."

மறுநாள் சுவரில் முத்து முத்தாக ஒரு வரி: 'தலைமையாசிரியர் மத்தியானம் தூங்குகிறார்.'

தலைமையாசிரியர் வாசித்தார். முகம் சிவந்தது. "நல்லதா எழுதச் சொல்லுங்க டீச்சர்!"

நல்லதாகவே எழுதினார்கள்: 'தலைமையாசிரியர் இப்போது தூங்குவதில்லை. நேற்றிலிருந்து.'

தாளெல்லாம் குப்பைக்குப் போயிற்று. பூட்டு, குப்பையில் கிடந்த அந்த வரியைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எதுக்குடி சிரிக்கிறே? என்ன எழுதியிருக்கு, சொல்லு."

சிரிப்பு சடாரென்று நின்றது. "தெரியாது டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க."

அடுத்தது புதையல் வேட்டை. டீச்சர் துண்டுச்சீட்டுகளில் குறிப்பெழுதிப் பள்ளி முழுக்க ஒளித்துவைத்தாள். ஒரு குறிப்பை வாசித்தால்தான் அடுத்தது எங்கே என்று தெரியும். பிள்ளைகள் பிரித்துமேய்ந்தார்கள். ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் பாய்ந்து, விளையாட்டு வாத்தியாரின் ஷூவைக் கழற்றி உதறினார்கள். தலைமையாசிரியரின் நாற்காலியை, அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போதே நகர்த்தினார்கள்.

கடைசிச் சீட்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். கூட்டம் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது, பூட்டு ஏற்கெனவே அங்கே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்படி வந்தே இங்கே?"

"சும்மா காத்து வாங்க வந்தேன் டீச்சர்."

எரிச்சலில் டீச்சருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அன்றைக்குத் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், எல்லாரும் போன பிறகு டீச்சர் பூட்டின் பக்கத்தில் சிறுபிள்ளை பெஞ்சியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். கொஞ்சினாள், கெஞ்சினாள். கடைசியில் மனம் விட்டுப்போய்ச் சொன்னாள்:

"நீ வாசிக்கலைன்னா என்னை அனுப்பிடுவாங்கடி கண்ணு."

பூட்டு நிமிர்ந்து பார்த்தாள். "வாசிக்கலைன்னாவா டீச்சர்?"

"ஆமாம்."

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமலா சொல்றேன்? உன்கிட்டே போய்ப் பொய் சொல்லுவேனா?"

பூட்டு கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

மறுநாள் வந்த அதிகாரி அம்மாள் புதுப் புத்தகம் ஒன்றைப் பிரித்து நீட்டினார். ஒவ்வொரு பிள்ளையாக வாசித்தது. கடைசியாகப் பூட்டு எழுந்தாள். டீச்சர் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

பூட்டு திறந்தது. தடங்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. கேள்வி வரும் இடத்தில் குரல் ஏறியது, சோகம் வரும் இடத்தில் இறங்கியது. பக்கம் முடிந்தும் நிறுத்தாமல் புரட்டி வாசித்தாள். அதிகாரியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டீச்சருக்கு அழுகை முட்டியது. இன்றைக்கு மாமியாரிடம் நிமிர்ந்து பேசலாம்!

"பிரமாதம்!" அதிகாரி ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்ட தலைமையாசிரியர் டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். வந்த வேலை முடிஞ்சுது. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். பிள்ளைங்க அவங்கவங்க வகுப்புக்குப் போயிடுவாங்க."

"சார்... எல்லாரும் வாசிச்சாங்களே சார்!"

"அதனாலதானே!" என்றார் அவர், இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல.

உடைந்த நாற்காலிகள் அதற்குள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டன. அறைக்கு அவை வெகுநாளாகக் காத்திருந்தனவாம். ஒரு நாற்காலிக்கால் உரசியதில் கதவிலிருந்த சூரியகாந்தி பாதி கிழிந்து தொங்கியது.

டீச்சர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூட்டு கதவோரம் நின்றிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து.

"எல்லாருக்கும் வாசிக்க வந்துட்டா இந்த வகுப்பை மூடிடுவோம்னு கதவுலேயே போட்டிருந்துச்சே, நான் முதல் நாளே படிச்சேன், நீங்க படிக்காமலா டீச்சர் அதுமேல படம் ஒட்டினீங்க?"