மொச்சையின் காலும் டாக்டரம்மா சொன்ன மாடும்

மரியாதைக்குரிய மச்சான் லெட்சுமணன் அவர்களுக்கு,

ஜொகூர் பாருவிலிருந்து ஐயாசாமி வாயால் சொல்ல, சாப்பாட்டுக்கடை முஸ்தபா கையால் எழுதும் கடிதம். ரெங்கத்தில் தாங்களும் என் தங்கை செல்வராணியும், முழங்கால் வலி குறைந்தும் மற்றதெல்லாம் நிறைந்தும் இருக்க முருகப் பெருமானை வேண்டுகிறேன். இங்கு நான் பூரண சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் வரும் ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்பதால், இந்த ஒரு வரிக்கு அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் செல்வராணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் இங்கே இருமினால் ரெங்கம் மார்க்கெட்டில் எனக்குக் காசநோய் என்று பேசிக்கொள்வார்கள். ஆகையால் இதைத் தாங்கள் தனியாகப் படித்து, படித்ததும் கிழித்துவிட வேண்டுகிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. தீபாவளிக்கு முந்தின வாரம் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்ததையும், கேத்தல் கரியானதையும் பிடித்துக்கொண்டு என் மகன் தீபன் இன்னும் விடவில்லை. எழுபத்தெட்டு வருஷத்தில் ஒரு கேத்தல். போன மாதம் செனாய் தொழிற்சாலையில் அவனை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், மருமகள் ஷாமளாவும் கூடப் போனாள். போகிற அன்றைக்கு ஒரு கம்பிக்கூண்டைக் கொண்டுவந்து என் கூடத்தில் வைத்தார்கள். உள்ளே ஷாமளாவின் முயல். பெயர் மொச்சியாம், ஜப்பான் பலகாரத்தின் பெயராம். என் வாய்க்கு மொச்சை என்றுதான் வந்தது, அதுவும் திரும்பிப் பார்த்தது. தீபன் சொன்னான், "அப்பா, ஒரு மாசம். இதை ஒழுங்கா பார்த்துக்கிட்டீங்கன்னா நீங்க உங்க வீட்லயே இருங்க, நான் வாயே திறக்கல. இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட செனாய்க்கு வந்துடணும். நாங்க திரும்பி வர்ற ஞாயித்துக்கிழமை ரெங்கத்து மாமாவை வச்சுப் பேசி முடிவு பண்ணுவோம்." செனாயில் எனக்கு ஒதுக்கியிருக்கும் அறை எட்டாவது மாடி, துணி துவைக்கிற மெஷின் இருக்கும் அறை. மெஷின் சுத்தும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும். நான் ஒருதரம் படுத்துப் பார்த்திருக்கிறேன், எழுந்தபோது அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மூணாம் நாளே மொச்சை பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நக்குறதைப் பார்த்தேன். குதிகால்ல முடி கொட்டி, புளியங்கொட்டை அளவுக்குப் புண். கம்பிமேலயே உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. நான் பயப்படல மச்சான். தோட்டத்துல ஆயிரம் புண்ணைப் பார்த்தவன். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன். அது முழுசையும் நக்கி, நக்கின வாயாலேயே உடம்பெல்லாம் துடைச்சு, சாயங்காலத்துக்குள்ள வெள்ளை முயல் மாரியம்மன் கோவில் முயலாயிடுச்சு. சரி, நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தலைவலிக்கும் தேள்கடிக்கும் ஒரே ஊதா மருந்துதானே போடுவார், அதையே வாங்கிப் போட்டேன். மஞ்சள்மேல் ஊதா விழுந்ததும் அது என்ன நிறம் என்று சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தை இல்லை, முஸ்தபாவும் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். துணி கட்டினேன், துணியைத் தின்னுடுச்சு. பிள்ளை காலுறை ஒண்ணு மாட்டினேன், அதில் பாதியைத் தின்னுட்டு மீதியை என் செருப்புக்குள்ள வச்சிருந்துச்சு. நாலு நாளாகியும் புண் ஆறல, ஓரம் தடிச்சு வீங்கி இருந்தது. அது கூண்டு மூலையில் உட்கார்ந்து கீரையைக்கூட திரும்பிப் பார்க்காதப்போதான் முஸ்தபாகிட்ட ஓடினேன். மெஷின் சத்தம் காதிலேயே கேட்டது மச்சான்.

முஸ்தபா தன் வேனில் கூட்டிக்கொண்டு போய் மிருக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, மதியக் கூட்டத்துக்குக் கடைக்குத் திரும்பிட்டார். அவர் மட்டும் உள்ளே வந்திருந்தால் இந்தக் கடுதாசியே இல்லை. டாக்டர் ஒரு மலாய்க்காரப் பிள்ளை, கண்ணாடி போட்டவள். முயலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி முயலைப் பார்த்தாள். "பாக்சிக், இதோட உண்மையான கலர் என்ன?" என்று என்னை மாமா முறை வைத்து மலாயில் கேட்டாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். முயலுக்குத் தோல் சிகரெட் தாள் மாதிரி மெல்லிசாம். மனுஷனுக்குச் சீழ் பிடிச்சா ஒழுகும், முயலுக்குப் பாலாடை மாதிரி கட்டியா உள்ளேயே நிக்குமாம், அதனாலதான் அது புண் லேசில் ஆறாதாம். மயக்க ஊசி போட்டு உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்தாள். மஞ்சள் கூடாது, ஊதா கூடவே கூடாது, உப்புத்தண்ணியால் கழுவு, கம்பியை மூடி மெத்தென்று புல் போடு என்றாள். கழுத்துக்கு வளையம் போட்டால் நக்காதே என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். வேண்டாமாம், முயல் தன் புழுக்கையில் ஒரு வகையைத் தானே குனிந்து தின்னால்தான் உடம்பு தேறுமாம். அதைப் பற்றி மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கடைசியாகக் கதவைத் திறந்துவிட்டபடி சொன்னாள், "பாக்சிக், காசி மாடு. நிப்பிஸ்-நிப்பிஸ். துவா காலி செஹாரி."

மாடு என்றால் நம்ம கொட்டகை மாடு இல்லை. இவ்வளவு வருஷம் இந்த நாட்டில் இருப்பவனுக்கு அது தெரியாதா. மலாய்க்காரர் பேச்சில் சக்களத்திக்கு மாடு என்று பெயர். அந்த வார்த்தையை நான் என்றைக்குப் படித்தேன் என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கும். அறுபத்தேழாம் வருஷம், மழை மாசம், ஒரு வியாழக்கிழமை. லாரி ஓட்டுற பாக் ஸமான் ரெண்டாந்தாரத்தை முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மூத்தவள் மாக் லீமா கால் புண்ணோடு எட்டு மாசமாய்ப் படுக்கை. வாசலில் யாரோ "மாடு வந்துருச்சு" என்றதும் எழுந்தாள் பாருங்கள், பானை சட்டி எல்லாம் ரோட்டுக்கு வந்தது, மூணு மைல் நடந்தே அம்மா வீட்டுக்குப் போனாள். ஒரே மாசத்தில் கால் புண் ஆறி, திருவிழாவில் நம்மோடு நின்று கூத்துப் பார்த்தாள். நீங்கள் பச்சைச் சட்டை போட்டிருந்தீர்கள். இத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்குப் போய் மறதி என்கிறான் தீபன். ஆக டாக்டர் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. காசி என்றால் கொடு. நிப்பிஸ் என்றால் மெலிசு. துவா காலி செஹாரி, ஒரு நாளைக்கு ரெண்டு தரம். மெலிசா ஒரு சக்களத்தியைப் பார்த்துக் காலை ஒருதரம், மாலை ஒருதரம் உள்ளே விடணும். படித்த பிள்ளை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறாள் என்று மெச்சிக்கொண்டே வந்தேன்.

நேரே முயல் விற்கிற கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்வது ஷர்மினி என்று நம்ம பிள்ளை.

"தாத்தா, உங்க முயல் ஆணா பெண்ணா?"

"பெண்ணு."

"அப்ப ஆண் எடுத்துக்குங்க."

"ஆண் வேண்டாம்மா. சக்களத்திதான் வேணும். ஒல்லியா இருக்கணும்."

"புருஷனே இல்லாம சக்களத்தியா லா?"

"டாக்டர் சொன்னது அவ்வளவுதான். புருஷனைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அந்தப் பிள்ளை உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் எலும்பும் தோலுமாய் ஒன்றைத் தூக்கி வந்தாள். அதற்குச் சின்னவள் என்று பெயர் வைத்தேன். காலையில் விட்டேன். ரெண்டும் ஒரு நிமிஷம் மூக்கால் பேசிக்கொண்டன, அப்புறம் கூடமெல்லாம் பஞ்சு பறந்தது. மருந்து வேலை செய்யுது என்று நினைத்தேன். சாயங்காலம் விட்டேன், அதே கூத்து. ஐந்து நாள் தவறாமல் ரெண்டு வேளை. மொச்சை எங்கேயும் கோபித்துக்கொண்டு நடக்கவில்லை. புண்ணும் சிறுக்கவில்லை. ஐந்தாம் நாள் சின்னவள் காதில் ஒரு கடி, ரத்தம். ஒரு முயல் புண்ணோடு போன எனக்கு இப்போது ரெண்டு முயல், ரெண்டு புண்.

அன்றைக்குத்தான் முஸ்தபா கடையில் உட்கார்ந்து மனசு விட்டுச் சொன்னேன். "டாக்டர் சொன்ன மாதிரி மாடு விட்டும் ஆறல முஸ்தபா." "மாடா? எங்கே விட்டீங்க?" "கூண்டுக்குள்ளதான்." அவர் பரோட்டா மாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் முழுசும் சொன்னேன். அவர் பின்னால் அலமாரியில் இருந்து ஒரு போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார். தேன். தே தாரிக் ரெண்டு, ஒன்று கூராங் மானிஸ். (மேலே உள்ள ரெண்டு டீயும், ஒன்றில் சீனி குறைவு, நாலாம் மேசைக்கு உரியவை, மன்னிக்கவும். முஸ்தபா.) தேனுக்கும் மாடு என்றுதான் பெயர் மச்சான். எனக்குத் தெரியும். குழந்தையிலிருந்து தெரியும். ஆனால் மாடு என்று காதில் விழுந்ததும் மாக் லீமாவின் பானைதான் ஞாபகத்தில் முன்னால் வந்து நிற்கிறது, தேன் பின்னால் நிற்கிறது. மெல்லிசாகத் தேன் தடவு என்றிருக்கிறாள் அந்தப் பிள்ளை. முஸ்தபா சிரிக்கவில்லை. சமையல்கட்டுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார், எனக்குக் கேட்டது.

முஸ்தபா டாக்டரிடம் நடந்ததையெல்லாம் சொல்ல, கடைத்தேன் ஆகாது, புண்ணுக்கென்றே சுத்தம் பண்ணின தேன் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று டாக்டர் போனில் சொல்லி, அதையே வாங்கிவந்தோம். சின்னவள் காதுக்கும் அதுவே. தேன் போட்டதும் எங்கள் தாமான் குடியிருப்பு எறும்பெல்லாம் என் வீட்டுக்குக் கல்யாணத்துக்கு வந்ததுபோல் வரிசையில் வந்தது. கூண்டின் நாலு காலையும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினேன். ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும் என்று டாக்டர் பயமுறுத்தியதால் என் கொசுவலையைக் கழற்றிக் கூண்டுக்குப் போட்டேன், என்னைக் கொசு பார்த்துக்கொள்கிறது. மொச்சையை மடியில் மல்லாத்தி, தேனைத் தடவி, அது நக்காமல் இருக்க ஒவ்வொரு தரமும் கால் மணி நேரம் கொத்தமல்லித் தழையை வாயில் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பன்னிரண்டு நாள். புளியங்கொட்டை மொச்சைக்கொட்டையாகி, பயறாகி, மிளகாகி, இன்றைக்குக் காலையில் பார்த்தால் இளஞ்சிவப்புத் தோல் மூடிவிட்டது. டாக்டர் நேற்று தொட்டுப் பார்த்து, "பாண்டாய் பாக்சிக்" என்றாள். கெட்டிக்காரர் என்று அர்த்தம். இதில் ரெண்டாவது அர்த்தம் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

ஆகையால் மச்சான், ஞாயிற்றுக்கிழமை தாங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவே. ஐயாசாமிக்குப் புத்தி தெளிவு, ஞாபகம் அதைவிடத் தெளிவு, புண் பூரணமாக ஆறிவிட்டது, இந்த மனுஷனைத் தனியே விட்டால் ஒரு குறையும் வராது. சக்களத்தி விஷயம் நமக்குள் இருக்கட்டும். சின்னவளைக் கேட்டால் முஸ்தபா வீட்டு முயல் என்று சொல்லிவிடலாம், அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், வேண்டாவெறுப்பாக. இந்த வீட்டில்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. வேறொன்றும் கேட்கவில்லை.

செல்வராணிக்கு அண்ணனின் ஆசீர்வாதம். தங்கள் பேரப்பிள்ளைகள் படிப்பிலும் தாங்கள் பல்லிலும் உறுதியாக இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும்,
ஐயாசாமி

பின்குறிப்பு: கடுதாசியை உறையில் போட்டு ஒட்டுகிற நேரத்தில் ஜப்பானிலிருந்து ஷாமளா போன். "மாமா, கூண்டுல ஒட்டியிருந்த என் நம்பருக்கு டாக்டர் போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க." "எல்லாமாம்மா?" "எல்லாம்." மாடும் தெரிந்திருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவது போனிலேயே தெரிந்தது. அப்புறம் சொன்னாள், "மூடின தோல் ரொம்ப மெல்லிசாம் மாமா. குதிகால்ல முடி முழுசா முளைக்கிற வரைக்கும் மொச்சியை இடம் மாத்தக் கூடாதாம். அது வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும், நீங்களும் அங்கயே இருங்க. வேற யாரு அதுக்குக் கொத்தமல்லி குடுத்துக்கிட்டு உட்காருவா?" தீபன் பின்னால் நின்று சரி என்றான், என் காதால் கேட்டேன்.

ஆகையால் மச்சான், மேலே புண் ஆறிவிட்டது என்று எங்கெங்கே எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் ஆறவில்லை என்று படித்துக்கொள்ளவும். என் புத்தியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஒன்றும் பேச வேண்டாம். முடியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், முடி முளைப்பது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை என்று தொப்பியைக் கழற்றித் தங்கள் தலையைக் காட்டவும்.