பாதிரியார் மேட்டில் வேலி போட்டது யார்?

மனித குலம் எந்த நாளில் கேள்வி கேட்கத் தொடங்கியது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். லிண்ட்நேஸ் பள்ளியைப் பொறுத்தவரை அந்தக் குழப்பமே இல்லை. ஜனவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். தலைமையாசிரியை விவேகாவின் சுற்றறிக்கையில் நேரத்தோடு போட்டிருந்தது.

அதற்கு முந்தைய நூற்றிருபது ஆண்டுகள் அங்கே சமூக அறிவியல் வகுப்பு என்றால் ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். காட்டுமிராண்டிக் காலம். இனிமேல் ‘வினாவழிக் கற்றல்’. பிள்ளை தானே கேள்வி கேட்கும், தானே ஆதாரம் தேடும், தானே முடிவுக்கு வரும். ஸ்வீடனின் மற்ற ஊர்கள் இந்த ஒளியை எப்போதோ கண்டுவிட்டன. கிரான்விக் நகராட்சிக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே சூரியனே தாமதமாகத்தான் வரும்.

ஆறாம் வகுப்பு ஆசிரியன் சிக்ஸ்டன் ஆல்பொம் அந்தச் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தான். அவன் தற்காலிக ஆசிரியன். மூன்று ஆண்டுகளாக இடைவிடாமல் தற்காலிகம். மார்ச் நான்காம் தேதி பெற்றோர் முன்னிலையில் நடக்கும் கண்காட்சி நன்றாக அமைந்தால் அவன் நிரந்தரம். இல்லையென்றால் ஜூனோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். விவேகா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில், கம்பளிக் காலுறையோடு நின்று, அவனுக்குக் காபி ஊற்றிக்கொண்டே மிகுந்த பரிவோடு சொன்னார்.

“கேள்வி பிள்ளைங்களோடதா இருக்கணும் சிக்ஸ்டன். அதுதான் இதுக்கு உயிர்.”

“புரியுது.”

“அவங்க என்ன கேக்கணுங்கறதை மட்டும் நாம பாத்துக்குவோம்.”

பார்த்தும் வைத்திருந்தார். பத்தொன்பது படிவங்கள் அச்சாகி வந்திருந்தன. மேலே ‘என் மனதில் தானாக எழுந்த கேள்வி’ என்று தலைப்பு. அதற்குக் கீழே, பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாமென்று, கேள்வியும் அச்சடிக்கப்பட்டிருந்தது: ‘நம் ஊரில் குப்பையைத் தரம் பிரிப்பதால் விளையும் நன்மைகள் யாவை?’ ஆதாரங்கள் பின்பக்கத்தில் இருந்தன. முடிவு தனித்தாளில், ஆசிரியர் கையில். சிக்ஸ்டனுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி. தேடல் என்ற பெரும்பயணத்தில், போய்ச் சேரவேண்டிய இடத்தை முன்கூட்டியே சட்டைப்பையில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எட்டேகாலுக்கு அவன் கேள்வி கேட்கும் யுகத்தைத் தொடங்கிவைத்தான். முதல் விதியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினான்: ‘தவறான கேள்வி என்று எதுவும் இல்லை.’ விவேகா பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

டூவா கையைத் தூக்கினாள். முன்பல்லில் கம்பி போட்ட, எதையும் பாதியில் விடாத பெண்.

“சிக்ஸ்டன், என் மனசுல தானா எழுந்த கேள்வி இது இல்லையே.”

அங்கே ஆசிரியர், தலைமையாசிரியை, நகரமன்றத் தலைவர் எல்லாரையும் பிள்ளைகள் பெயர் சொல்லி ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சமம். சாவிகள் மட்டும் சிலரிடம் இருக்கும்.

“வேற என்ன எழுந்துச்சு?” என்றான் சிக்ஸ்டன், பின்வரிசையைப் பார்த்தபடி.

“பாதிரியார் மேட்டுல வேலி போட்டது யாரு?”

வகுப்பில் ஓர் உறுமல் எழுந்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பனிமேடு அது. ஊரிலேயே சறுக்குவதற்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பிள்ளைகள் சறுக்குத்தட்டுகளோடு ஓடிவந்தபோது மேட்டைச் சுற்றி ஆளுயரக் கம்பிவேலி. ‘பாதுகாப்பு கருதி’ என்று ஒரு பலகை. யார் கருதினார்கள் என்று அதில் இல்லை.

“அதான் என்னோட கேள்வியும்!” என்றான் மெல்கர். “எனக்கும் தானா எழுந்துச்சு!” என்று பதினேழு குரல்கள் எழுந்தன.

சிக்ஸ்டன் கரும்பலகையைப் பார்த்தான். விதி அங்கேயே இருந்தது. அவன் கையெழுத்தில்.

பிள்ளைகள் வேலையைத் தொடங்கினார்கள். பூங்காத் துறைக்கு எழுதினார்கள். மிகக் கனிவான பதில் வந்தது: வேலியை நாங்கள் நட்டோம், முடிவு எங்களுடையதல்ல, ஓய்வுநேரத் துறை கேட்டுக்கொண்டது. ஓய்வுநேரத் துறை இன்னும் கனிவாக எழுதியது: நாங்கள் பரிந்துரையை முன்னெடுத்துச் சென்றோம், அவ்வளவே, பரிந்துரை பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருடையது. அவரோ, கூட்டத்தில் அனைவரும் ஒருமித்த கருத்துக்கு ‘வந்து சேர்ந்ததாக’ எழுதியிருந்தார். எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று எழுதவில்லை. எல்லாக் கடிதங்களும் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று முடிந்தன.

“அப்போ வேலி தானா முளைச்சுதா?” என்றாள் டூவா.

“ஜனநாயகத்துல சில விஷயம் அப்படித்தான், எல்லாருமா சேர்ந்து…”

“எல்லாரும்னா யாரு? பேர் சொல்லு, எழுதிக்கறேன்.”

அன்று மாலை சிக்ஸ்டன் கண்காட்சிக்கான தாளை எடுத்து ஒருமுறை தடவிப் பார்த்தான். குப்பைகளின் நன்மைகள். எவ்வளவு அழகான, யாரையும் நோகடிக்காத குப்பைகள்!

கடைசியில் நகராட்சி அலுவலகத்துக்கே போவதென்று வகுப்பு தீர்மானித்தது. அந்த நாட்டில் எந்த அலுவலகத்தின் கடிதத்தையும் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் யார், எதற்கு என்று அதிகாரி விசாரிக்கக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது சிக்ஸ்டன்தான். நல்ல பாடம், போன ஆண்டு நடத்தினான். அப்போது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பதிவேட்டு அலுவலர் பெரித் கண்ணாடி அணிந்துகொண்டு நிமிர்ந்தார். எதிரே மெல்கர், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டபடி. பின்னால் பதினெட்டு பேர். அதற்கும் பின்னால், கை நிறையக் கையுறைகளை அள்ளிக்கொண்டு சிக்ஸ்டன்.

“நான் யாருன்னு நீ கேக்கக் கூடாது,” என்றான் மெல்கர்.

“கேக்கலையே.”

“எதுக்குன்னும் கேக்கக் கூடாது.”

“அதையும் கேக்கல. சட்டம் எனக்கும் தெரியும் மெல்கர்.”

“பேரைச் சொல்லாத!”

“சரி, சொல்லல. பேர் தெரியாத இந்த ஆளோட அம்மா கிறிஸ்துமஸுக்கு என்கிட்ட ஒரு பீங்கான் சட்டி வாங்கிட்டுப் போனாங்க. திருப்பிக் குடுக்கச் சொல்லு. என்னடா வேணும் உனக்கு?”

“பாதிரியார் மேடு. எல்லாக் கடுதாசியும். முதல்ல வந்ததுலேர்ந்து.”

பெரித் கணினியில் தட்டினார். அச்சு இயந்திரம் முனகியது. ஒவ்வொரு தாளாகக் கடைசியிலிருந்து முதலுக்குப் பின்னோக்கி வந்தன: வேலிக்கான உத்தரவு, ஓய்வுநேரத் துறையின் குறிப்பு, கூட்ட அறிக்கை. கடைசியாக ஒரு சின்ன மின்னஞ்சல், நவம்பர் மாதத்தது. சிக்ஸ்டன் எட்டி நின்றே அதை அடையாளம் கண்டுகொண்டான். ‘வணக்கம், நலமா!’ என்று ஆச்சரியக்குறியோடு தொடங்குகிற ஆள் அந்த நகராட்சியில் அவன் ஒருவன்தான். இரண்டு கையுறைகள் கீழே விழுந்தன.

டூவா உரக்கப் படித்தாள்: “‘பாதிரியார் மேட்டில் சறுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்து இடர் மதிப்பீடு ஏதும் செய்யப்பட்டுள்ளதா? அன்புடன், சிக்ஸ்டன் ஆல்பொம்.’”

பதினெட்டுத் தலைகள் திரும்பின. பெரித் மட்டும் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பள்ளிக்குத் திரும்பியதும் விசாரணை தொடர்ந்தது. வகுப்புச் சுவரில் சிக்ஸ்டனே ஒட்டிய ஒரு தாள் உண்டு: எந்த ஆதாரத்தையும் நம்பும்முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். டூவா அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“ஒண்ணு. எழுதினது யாரு?”

“நான்தான்.”

“ரெண்டு. எப்போ?”

“நவம்பர்ல.”

“மூணு. எழுதினவருக்கு இதுல என்ன லாபம்?”

சிக்ஸ்டன் இருமினான். அந்த அக்டோபரில் அவனுடைய ஆண்டு மதிப்பீட்டில் விவேகா ‘முனைப்பு: இன்னும் வளர வேண்டும்’ என்று எழுதியிருந்தார். வளர்ந்து காட்ட வேண்டுமே. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மனதில் பட்டதை எழுதி, அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினான். அவர் கட்டைவிரல் படம் போட்டுப் பாராட்டினார். அதோடு அவன் அதை மறந்துபோனான். ஆனால் நகராட்சி மறக்கவில்லை. ‘செய்யப்படவில்லை’ என்று பதில் எழுதினால் ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்பார்கள். வேலி போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

“முனைப்பு,” என்றான் சிக்ஸ்டன் மெல்லிய குரலில். “முனைப்பு இருக்குன்னு காட்டணும்னு…”

“எங்க மேட்டை வச்சா காட்டுவ?” என்றான் மெல்கர். “உன் சொந்த மேடு எதையாவது வச்சுக் காட்டியிருக்கலாம்ல?”

“நான் வேலி போடச் சொல்லலடா. சும்மா ஒரு கேள்விதான் கேட்டேன்.”

“அப்போ அதை வாபஸ் வாங்கு,” என்றாள் டூவா. கையில் தயாராக ஒரு தாள். ‘என் கேள்விக்குப் பதில் தேவையில்லை.’ ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம். “கேள்வி இல்லேன்னா கூட்டம் இல்ல, கூட்டம் இல்லேன்னா வேலி இல்ல. பெரித்கிட்ட கேட்டுட்டேன். ஒரு வாரத்துல பிரிச்சிடுவாங்களாம்.”

சிக்ஸ்டன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு விவேகாவின் அறைக்குப் போனான். விவேகா படித்தார், பெருமூச்சு விட்டார்.

“நீ கையெழுத்துப் போடலாம். இது சுதந்திர நாடு.”

“போட்டா?”

“காரணம் இல்லாம கேட்டுட்டேன்னு நீயே ஒத்துக்கிட்டதா பதிவாகும். அப்புறம் உன் நிரந்தர ஃபைல் கல்விக் குழுவுக்குப் போகும். அவங்களும் கேள்வி கேக்கறவங்கதான்.”

“பிள்ளைங்களுக்கு என்ன சொல்றது?”

“குழுக்களாப் பிரிஞ்சு விவாதிக்கச் சொல்லு.”

விவாதித்தார்கள். நான்கு குழுக்கள், நான்கு நிறத்தில் ஒட்டுத்தாள்கள். ‘வேலியைப் பற்றி நான் என்ன உணர்கிறேன்?’ என்பது தலைப்பு. கையெழுத்துக்கான தாள் சிக்ஸ்டனின் இழுப்பறையில் பத்திரமாக உறங்கியது. தினமும் காலையில் டூவா இழுப்பறையைப் பார்ப்பாள். சிக்ஸ்டன் ஜன்னலைப் பார்ப்பான். ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு உள்ளே, ஒரு கால்தடம்கூடப் படாமல் பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

மார்ச் நான்கு வந்தது. பெற்றோர்கள் காலணியைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மேசை நிறைய, கிரீமும் பாதாம் பசையும் பிதுங்கும் செம்லா பன்கள். நகரமன்றத் தலைவர் ராக்னாரும் வந்திருந்தார். முடிவுரையாக வாசிக்க ‘இதற்கு நாம் அனைவரும் பொறுப்பு’ என்ற தாளை விவேகா டூவாவிடம் கொடுத்திருந்தார். டூவா அதைத் திருப்பி, பின்பக்கம் தான் எழுதியிருந்ததை வாசித்தாள்.

“மேட்டை மூடுனது ஏழு பேர். ஒருத்தர் கேட்டார், ஆறு பேர் பயந்தாங்க. பேரெல்லாம் இங்க இருக்கு. முதல் பேர் சிக்ஸ்டன். ஒரு கையெழுத்துப் போட்டா திறந்துடும். நாலு வாரமாப் போடல.”

பட்டியலில் இருந்தவர்களில் நால்வர் அங்கேயே, வாயில் பன்னோடு, இருந்தார்கள். சிக்ஸ்டனுக்கு வேலை போயே போய்விட்டது என்று தோன்றியது. விசித்திரமாக, அவனுக்கு லேசாகவும் இருந்தது. எழுந்து போய் இழுப்பறையைத் திறந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.

அந்தக் கணத்தில் ராக்னார் கைதட்டத் தொடங்கினார்.

“அற்புதம்! என்ன தைரியம்! என்ன ஆதாரம்! தன்னையே விசாரிக்க விட்டிருக்கானே, இவன்தான்யா ஆசிரியன்!”

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. பட்டியலில் இருந்த நால்வரும் மற்றவர்களைவிட உரக்கத் தட்டினார்கள்.

“வேலியை நாளைக்கு எடுத்துடுவியா?” என்று கைதட்டலுக்கு நடுவே டூவா கத்தினாள்.

“இவ்ளோ ஆழமா ஆராய்ஞ்சிருக்கீங்க. அவசரமா எடுத்து உங்க உழைப்பை அவமதிக்க மாட்டோம்,” என்றார் ராக்னார். “இதை ஆராய ஒரு விசாரணைக் குழு போடறோம். இலையுதிர் காலத்துல அறிக்கை வந்துடும்.”

பத்தொன்பது பேருக்கும் ‘ஜனநாயகத்தின் இளம் விசாரணையாளர்’ என்ற சான்றிதழ் வழங்கப்பட்டது. பிள்ளைகளின் மார்பை மறைக்கும் அளவுக்குப் பெரியது, மழமழவென்று லேமினேஷன் செய்தது. சமூக அறிவியலில் அனைவருக்கும் A. அன்று மாலையே சிக்ஸ்டன் நிரந்தரமானான்.

மறுநாள் உணவு இடைவேளையில் அவன் தன் புதிய மேசையில், புதிய கடவுச்சொல்லோடு உட்கார்ந்திருந்தான். தற்காலிக ஆசிரியர்களுக்குத் திறக்காத பக்கங்கள் எல்லாம் இப்போது கணினியில் திறந்தன. வெளியே சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தான். வேலி அப்படியே இருந்தது. ஏறிக் குதிக்க வசதியாக வேலியின் மேல் கோட்டுகள் போர்த்தப்பட்டிருந்தன. மேட்டின் உச்சியில் மெல்கர் தன் சான்றிதழைப் பனியில் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுத்து, “ஜனநாயகம் வருது, வழிவிடு!” என்று அலறிக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே டூவா. பின்னாலேயே மற்றவர்கள். சறுக்குத்தட்டைவிட வேகமாக ஓடியது அந்த மழமழச் சான்றிதழ். சிக்ஸ்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விவேகா கதவருகில் வந்து நின்றார். “மேட்டுல யாரோ இருக்காங்க போல?”

சிக்ஸ்டன் சிரிப்பை விழுங்கினான். இப்போது அவனுக்கு முனைப்பு முழுமையாக வளர்ந்திருந்தது. உட்கார்ந்து, விதிமீறல் படிவத்தைத் திறந்தான். முதல் கட்டத்தில் ‘யார்?’ என்று இருந்தது.

பெரியவர்கள் செய்த காரியத்தில் அந்தக் கேள்விக்கு விடை வெளியே வர ஏழு வாரம் ஆயிற்று, அதன்பிறகும் ஒரு விசாரணைக் குழு தேவைப்பட்டது. இந்த முறை நான்கே நிமிடம். பத்தொன்பது பெயர்கள், பிழையில்லாமல், அகரவரிசையில்.